அத்தியாயம் 7: வரிக்குள் இருக்கும் தாளம்

கிட்டாரில் ஓரளவு கை பழகியவர்கள் பாட்டெழுத உட்காரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஜி, ஈ மைனர், சி, டி என்று நான்கு கார்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள். பழகிய ஸ்ட்ரம்மிங் ஒன்று கையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் வார்த்தைகளை ஏற்றப் பார்க்கிறார்கள். ஒரு வரியில் அசை மிஞ்சுகிறது, அடுத்த வரியில் போதவில்லை. மிஞ்சினால் விழுங்குகிறார்கள், போதாவிட்டால் குறிலைப் பிடித்து இழுக்கிறார்கள். வனம் என்று எழுதியது பாடும்போது வானம் ஆகிவிடுகிறது, மலை மாலையாகிறது, விடு என்று கெஞ்சிய இடம் வீடு என்று கேட்கிறது. நல்ல கருத்து, நல்ல குரல், சுத்தமான வாசிப்பு எல்லாம் இருந்தும் கேட்பவருக்குப் பாட்டு போய்ச் சேர்வதில்லை.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி இதற்கு நேர் எதிரானது. முதலில் வரியை வாயால் சொல்லுங்கள். அந்த வரிக்குள் ஏற்கெனவே இருக்கும் தாளத்தை வலது கை கற்றுக்கொள்ளட்டும். கார்ட் பிடிக்கும் இடது கை கடைசியில் வரட்டும்.

சினிமாவில் மெட்டுக்குத்தானே பாட்டு எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இசையமைப்பாளர் ‘தன்னன்ன தானன்னா’ என்று தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்ட, கவிஞர் அதற்குச் சொல் வைப்பது நம்மிடம் வேரூன்றிய வழக்கம். பால் மெக்கார்ட்னியும் 1965-இல் வெளிவந்த ‘யெஸ்டர்டே’ பாட்டின் மெட்டை, ‘ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’ என்று முட்டைப் பலகாரத்தின் பெயரை வைத்துப் பாடித்தான் முதலில் காப்பாற்றி வைத்திருந்தார். அதற்கெல்லாம் முன்பே, திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் சந்தக் குழிப்பு அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இவை எல்லாவற்றிலும் சொல்லுக்கு முன்னால் இருந்தது ஒரு மனிதர் வாய்விட்டுப் பாடிய மெட்டு. எது நீளம், எது குட்டை, எங்கே மூச்சு என்பதெல்லாம் அதில் தீர்மானமாகியிருந்தது. நான்கு கார்ட் சுற்று மெட்டு ஆகாது. அதில் நீளமும் இல்லை, குட்டையும் இல்லை, மூச்சும் இல்லை. கையில் மெட்டு இருந்தால் மெட்டுக்கு எழுதுங்கள். வெறும் கார்ட் மட்டும் இருந்தால் வரியிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கிட்டாரை வைத்துப் பாட்டெழுதச் சொல்லித்தரும் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பாட்டுக்காக எழுதப்பட்டவை. எந்த அசையை அழுத்திச் சொல்கிறோமோ அதை வலுவான தட்டில் வை என்பது அவற்றின் முதல் பாடம். தமிழில் அழுத்தம் அவ்வளவாகப் பேசாது, நீளம்தான் பேசும். நெடிலும், ஒற்று ஏறிய குறிலும் கனமான அசைகள், தனிக்குறில் லேசானது. சந்தப் பாடல்களில் கனத்துக்கு இரண்டு மாத்திரை, லேசுக்கு ஒரு மாத்திரை. இந்தக் கணக்கு அப்படியே ஸ்ட்ரம்மிங் கணக்கும் ஆகும்.

எப்படி என்று பார்ப்போம். நான்கு தட்டுள்ள ஒரு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிரித்தால் 8 கட்டம். வலது கை டவுன், அப், டவுன், அப் என்று 8 கட்டத்துக்கும் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கம்பியைத் தொடுவதா, தொடாமல் காற்றில் போவதா என்பது மட்டும்தான் கட்டத்துக்குக் கட்டம் மாறும். 1, 3, 5, 7 டவுன். 2, 4, 6, 8 அப். லேசான அசைக்கு ஒரு கட்டம், கனமான அசைக்கு இரண்டு கட்டம்.

இதற்காகவே எழுதிய நான்கு வரியைக் கீழே தருகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவெல்லாம் தையல் மிஷின் மிதிக்கும் ஒரு அம்மா. பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை.

ராத்திரி முழுக்க மிஷினோடுது
ஊருக்கெல்லாம் புதுசு தச்சு
பழஞ்சேலை போத்திக்கிட்டு
அம்மா இன்னும் தூங்கலையே

இதை கிட்டார் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல நாலைந்து முறை சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். பிறகு கட்டத்தில் எழுதுங்கள். கோடு வந்தால் முன் அசை நீள்கிறது. புள்ளி வந்தால் மௌனம்.

| ராத் – தி ரி மு ழுக் – க | மி ஷி னோ – டு து · · |
| ஊ – ருக் – கெல் – லாம் – | பு து சு தச் – சு · ப |
| ழஞ் – சே – லை · · · | போத் – திக் – கிட் – டு · |
| அம் – மா – இன் – னும் – | தூங் – க லை யே – – – |

முதல் பாரைப் பாருங்கள். ‘முழுக்க’ என்ற சொல்லின் கனமான அசை 6-ஆம் கட்டத்தில், அதாவது ஒரு அப் ஸ்ட்ரோக்கில் விழுகிறது. கிட்டார் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் ஸ்ட்ரம்மிங் எது? டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப். அது கம்பியைத் தொடும் கட்டங்கள் 1, 3, 4, 6, 7, 8. ஐந்தில் கை சும்மா இறங்குகிறது, ஆறில் எழும்பும்போது கம்பியைத் தட்டுகிறது. ‘மு’ அந்த இடைவெளியில் மெல்ல நுழைய, ‘ழுக்’ சரியாக அந்த அப் ஸ்ட்ரோக்கில் ஏறிக்கொள்கிறது. அந்த வரிக்கு அந்த ஸ்ட்ரம்மிங் தானாகப் பொருந்திவிட்டது. எடுக்க, கிழக்க, முழுக்க, சிரிச்ச, நெனச்ச என்று குறில், கனம், குறிலாக வரும் சொற்கள் நம் பேச்சில் ஏராளம். இவற்றை மூன்றாவது தட்டில், அதாவது 5-ஆம் கட்டத்தில் தொடங்கிப் பாருங்கள். பாட்டுக்கு ஒரு துள்ளல் கிடைக்கும்.

இரண்டாவது வரிக்கு அதே ஸ்ட்ரம்மிங்கை ஓட்டினால் சங்கடம். ஊ, ருக், கெல், லாம் நான்கும் கனம். நான்கும் டவுன் கட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாம் கட்டத்தில் கை சும்மா போனால் ‘கெல்’ ஆதரவின்றி நிற்கும். இங்கே நான்கு டவுன் ஸ்ட்ரோக் போதும். நிதானமாக, ஒரே கனத்தில். ஊர் முழுவதுக்கும் என்கிற விரிவு அந்த நான்கு அடியில் வந்துவிடும். பாட்டு முழுக்க ஒரே ஸ்ட்ரம்மிங் என்ற பழக்கத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வரிக்கு வரி கை மாறினால் பாட்டு சிதறிப்போகும் என்று பயப்பட வேண்டாம். அசைவு நிற்காதவரை தாளம் எங்கும் போகாது.

மூன்றாவது வரியின் ‘ப’ முந்தின பாரின் கடைசிக் கட்டத்திலேயே வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? ‘பழஞ்சேலை’யை 1-ஆம் கட்டத்தில் தொடங்கினால் லேசான ‘ப’ வலுவான தட்டைப் பிடித்துக்கொள்ளும். கனமான ‘ழஞ்’ இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்படும். பாடிப் பாருங்கள், சொல் நொண்டும். ஒரு கட்டம் முன்னதாக எடுத்தால் ‘ழஞ்’ வலுவான தட்டில் வந்து அமர்கிறது. கர்நாடக இசையில் இதை அதீத எடுப்பு என்பார்கள். குறிலில் தொடங்கி அடுத்த அசை கனமாக வரும் எந்த வரிக்கும் இந்த வழி பயன்படும். தமிழில் பாட்டெழுதும் கிட்டார்காரர்கள் இதைப் போதிய அளவு கையாள்வதில்லை என்பது என் எண்ணம். எல்லா வரியையும் ஒன்றாவது தட்டிலேயே தொடங்குவதால்தான் பல பாட்டுகள் பள்ளிக்கூட வாய்ப்பாடு போலக் கேட்கின்றன.

இனி ஒற்றெழுத்துகள். க், ச், ட், த், ப், ற் ஆறும் வாயை அடைக்கும். அவற்றில் குரலை நிறுத்திப் பிடிக்க முடியாது. ங், ஞ், ண், ந், ம், ன் என்ற மெல்லினமும் ய், ர், ல், வ், ழ், ள் என்ற இடையினமும் குரலை ஓடவிடும். குறிலை இழுக்காமலே ஒரு அசையை நீட்டவேண்டுமென்றால் இந்த ஒற்றுகளில் நீட்டலாம். ‘அம்மா’வின் முதல் அசையில் அகரத்தை நீட்டினால் ஆம்மா ஆகிவிடும், மகரத்தில் நின்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், சொல் கெடாது. வல்லின ஒற்று வரும் இடத்தில் கிட்டாரும் அடைக்கட்டும். ‘போத்திக்கிட்டு’ என்ற பாரில் 2, 4, 6 ஆகிய மூன்று கட்டத்திலும் வல்லின ஒற்று இருக்கிறது. 1, 3, 5-இல் கம்பியைத் தட்டிய உடனே உள்ளங்கையின் ஓரத்தால் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளைத் தொட்டு ஒலியை அமர்த்துங்கள். டக், டக், டக் என்று மிஷின் ஓடுவது கேட்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம், கையே சொல்லிவிடும்.

தச்சு, கிட்டு, காத்து, பாட்டு என்று முடியும் சொற்களின் உகரம் குறுகியது. வரியின் முடிவில் அதைத் தூக்கி நிறுத்தி நீட்டினால் காதில் இடிக்கும். மேலே எழுதிய இரண்டு, மூன்றாம் வரிகள் இந்த உகரத்தில் முடிவதால் அங்கே ஒரே கட்டம் கொடுத்து மௌனம் வைத்திருக்கிறேன். நீண்டு நிற்க வேண்டிய முடிவுக்கு ஆ, ஏ, ஓ போன்ற வாய் திறக்கும் நெடில்களைத் தேடுங்கள். உச்ச ஸ்தாயியில் ஈயும் ஊவும் பலருக்குத் தொண்டையை இறுக்கும். ‘தூங்கலையே’ என்ற முடிவை எடுத்ததற்கு அந்த ஏகாரம்தான் காரணம். இடையில் வரும் ‘லை’ சொல்லின் நடுவில் குறுகி ஒலிப்பதால் அதற்கு ஒரே கட்டம்.

கிட்டாருக்கென்று ஒரு குணம் உண்டு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தட்டிய நொடியிலிருந்து அதன் ஒலி தேய்ந்துகொண்டே போகும். ஆர்மோனியம் போலத் தாங்கிப் பிடிக்காது; நைலான் கம்பியானால் இன்னும் சீக்கிரம் அடங்கும். ஆகவே குரல் நீளும் இடத்தில் கை வேலை செய்ய வேண்டும். குரல் நெருக்கமாகச் சொல் சொல்லும் இடத்தில் கை ஒதுங்க வேண்டும். ‘யே’ நான்கு கட்டம் நிற்கும்போது கம்பிகளைத் தனித்தனியாக மீட்டி நிரப்புங்கள். ‘புதுசு தச்சு’ என்று குறில்கள் ஓடும்போது ஒரே ஒரு டவுன் ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இப்போதுதான் கார்ட். இதில் நம் மொழிக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் முடியும். அதற்கு முன் தச்சு, போத்திக்கிட்டு, வந்து, போனா, பாத்தப்போ என்று எச்சங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். ஒவ்வொன்றும் அடுத்து என்ன என்று காக்க வைக்கும். கார்டுகளிலும் இதே இரண்டு சாதி உண்டு. ஜி ஸ்கேலில் ஜி வந்தால் வீடு சேர்ந்தது. டி வந்தால், அதிலும் டி செவன் வந்தால், காது ஜியைத் தேடிக்கொண்டே நிற்கும். எச்சத்தில் முடியும் வரியை ஜியில் முடித்தால் பாட்டு சொல்கிறது ‘ஆயிற்று’ என்று, வாக்கியம் சொல்கிறது ‘இன்னும் இல்லை’ என்று. இரண்டும் மோதும். எச்சத்துக்கு டியோ சியோ கொடுத்து நிறுத்துங்கள். முற்றுக்கு ஜியைக் கொடுங்கள்.

நம் நான்கு வரியில் இது எப்படி விழுகிறது? முதல் வரி ஜி, சி; அது முற்றில் முடிந்தாலும் பாட்டு தொடர்வதால், வீடு சேரும் ஜியைக் கடைசி வரியின் முற்றுக்கு வைத்திருக்கிறேன். இரண்டாம் வரி ஜியில் தொடங்கி, ‘தச்சு’ என்ற எச்சத்தில் டி. மூன்றாவது வரிக்கு ஈ மைனர்; ‘போத்திக்கிட்டு’ என்ற எச்சத்தில் சி. ‘அம்மா இன்னும்’ மறுபடி டி. கடைசிப் பாரின் முதல் நான்கு கட்டத்துக்கும் டியை விடாதீர்கள். ‘தூங்கலை’ வரை காக்க வைத்து, ‘யே’ விழும் 5-ஆம் கட்டத்தில் ஜிக்கு வாருங்கள். ‘தூங்’ என்ற இடத்திலேயே ஜி போட்டுவிடத்தான் கை துடிக்கும், ஏனென்றால் பாரின் முதல் தட்டில் கார்ட் மாற்றிப் பழகியிருக்கிறோம். தூங்கினாளா இல்லையா என்பது ‘லை’ என்ற எழுத்தில்தான் தெரியும். அதற்கு முன் வீடு சேர்ந்துவிட்டால் அந்தச் செய்தியின் கனம் போய்விடும்.

மெட்டு கட்டும்போதும் கனம், லேசு என்ற பிரிவே உதவும். ஜியை ஸட்ஜமாக வைத்தால் நாம் நிற்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்களில். ஜி கார்டில் இருப்பவை ஸ, க, ப. சியில் ம, த, ஸ. டியில் ப, நி, ரி. ஈ மைனரில் த, ஸ, க. கனமான அசைகளை அந்தந்தக் கார்டின் ஸ்வரத்தில் நிறுத்துங்கள். லேசான அசைகள் இடையிலுள்ள ஸ்வரங்களைத் தொட்டுக்கொண்டு ஓடலாம், யாருக்கும் உறுத்தாது. ‘யே’யை ஸட்ஜத்தில் நிறுத்தினீர்கள் என்றால் இன்னொரு வழியும் திறக்கிறது. அதே ஸட்ஜம் ஈ மைனரிலும் இருக்கிறதல்லவா? முதல் தடவை ஜியில் முடியுங்கள். பாட்டு முடியும் கடைசித் தடவை குரலை மாற்றாமல் கீழே ஈ மைனரைப் போடுங்கள். வரி அதேதான், மெட்டு அதேதான். ஆனால் அந்த இரவு முடியவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

வேகத்தை மெட்ரோனோமில் முதலிலேயே வைத்துக்கொண்டு வரியை அதற்குள் திணிக்க வேண்டாம். இயல்பாகச் சொன்ன பதிவைக் கேட்டபடி காலால் தட்டிப் பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு என்று வந்தால் ஒரு பார் 3 நொடி. இந்த நான்கு வரியும் 24 நொடியில் முடியும். ஸ்ருதி விஷயத்தில் கேப்போ இருக்கவே இருக்கிறது. ஒரு ஃபிரெட்டுக்கு அரை ஸ்வரம் ஏறும். ஜி வடிவங்களையே பிடித்தபடி இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் ஏ, ஐந்தாம் ஃபிரெட்டில் போட்டால் சி. உங்கள் குரலுக்கு எட்டும் உச்சத்தைக் கடைசி ‘யே’யை வைத்து முடிவு செய்யுங்கள், முதல் வரியை வைத்து முடிவு செய்தால் கடைசியில் திணற வேண்டிவரும்.

எழுதிய வரி 8 கட்டத்தில் அடங்க மறுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ 7 அசை. ‘வந்துட்டிருக்கேன்’ 5 அசை. ஒரு பாட்டுக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது, ஆனால் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. மற்றொன்று, நான்கு தட்டே தவறாக இருக்கலாம். ஆத்து, காத்து, மேட்டு, வீடு, ஊரு, நேத்து என்று கனம்-லேசு, கனம்-லேசாக வரும் சொற்கள் உங்கள் வரியில் நிறைந்திருந்தால் அது மூன்று மூன்றாக எண்ணும் வரி. ஆறு கட்டத்துக்கு மாறி, டவுன்-டவுன்-அப், டவுன்-டவுன்-அப் என்று வாசியுங்கள். கும்மியிலும் தாலாட்டிலும் நம் காதுக்குப் பழகிய நடை அது.

முதல் சரணம் கூடிவந்த பிறகு இரண்டாவது சரணத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மெட்டும் கையும் முடிவாகிவிட்டன. இனி எழுதுவது மெட்டுக்கு எழுதுவதுதான். அசைகளின் எண்ணிக்கையைச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், கட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு குறில் இருந்த இடத்தில் ஒரு கனம் உட்காரலாம். ஒரு கனம் இருந்த இடத்தில் இரண்டு குறில் உட்காரலாம். ‘ராத்திரி முழுக்க மிஷினோடுது’ என்ற வரிக்கு இணையாக இரண்டாம் சரணத்தில் நான் எழுதியது இது: ‘காஜா எடுக்க கண்ணு தெரியல’.

| கா – ஜா – எ டுக் – க | கண் – ணு தெ ரி ய ல · |

‘தி, ரி’ என்ற இரண்டு குறில் இருந்த இடத்தை ‘ஜா’ என்ற ஒரே நெடில் எடுத்துக்கொண்டது. ‘முழுக்க’ இருந்த இடத்தில் ‘எடுக்க’ அச்சாகப் பொருந்துகிறது. அந்த 6-ஆம் கட்டத்து அப் ஸ்ட்ரோக் அப்படியே கிடைக்கிறது. இரண்டாவது பாரில் ‘மிஷி’க்குப் பதில் ‘கண்’, ‘னோ’வுக்குப் பதில் ‘ணு தெ’. மூச்சுக்கு இருந்த இரண்டு கட்டத்தில் ஒன்று போய்விட்டது. ‘ல’வை மேலும் சுருக்கிச் சொன்னால் சமாளிக்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: மாற்றிப் போடும் உரிமை வரியின் நடுவுக்குத்தான். பாரின் முதல் கட்டத்தில் கனம் இருந்தால் அடுத்த சரணத்திலும் அங்கே கனமே இருக்கட்டும். எச்சத்தில் நின்ற வரிக்கு எச்சமும், முற்றில் முடிந்த வரிக்கு முற்றும் வரட்டும். அது தவறினால் டியும் ஜியும் தப்பான வாக்கியத்தின் கீழே போய் விழும், அப்போது வரியைத்தான் மாற்றி எழுத வேண்டும், கார்டை அல்ல.